"அமெரிக்காவுல கஞ்சா லீகல்": இந்த அரை உண்மையை நம்பி மாட்டிக்கொள்வது யார்?

1/
இது கொஞ்சம் நீளமான த்ரெட். பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியவர்கள், அனுப்பப் போகிறவர்கள், அங்கேயே வேலை பார்ப்பவர்கள் கடைசி வரைக்கும் படிச்சுடுங்க.

"அமெரிக்காவுலயே கஞ்சா லீகல் ஆயிடுச்சே டாக்டர், அப்புறம் என்ன?" இந்தக் கேள்வியைக் கிளினிக்கிலும் கேட்கிறார்கள், கமென்ட்டிலும் கேட்கிறார்கள்.

பதில்: எந்த அமெரிக்காவில்? யாருக்கு லீகல்? எந்தச் சட்டப்படி லீகல்? இந்த மூணு கேள்வியையும் கேட்காமல் அந்த வரியைப் பரப்புகிறவர்கள்மேல்தான் என் கோபம்.

2/
முதலில் என் நிலைப்பாடு. நான் ஒழுக்க வகுப்பு எடுக்க வரவில்லை. ஒரு பொட்டலம் கஞ்சா வைத்திருந்த இளைஞனை ஜெயிலில் போடுவது சிகிச்சை இல்லை. ஜெயிலுக்குப் போய் எந்த அடிமைத்தனமும் குணமானதாக மருத்துவம் சொல்லவில்லை.

அதே சமயம் "இயற்கை மூலிகைதானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்கள் பக்கமும் நான் இல்லை.

நான் எதிர்ப்பது அரைகுறைச் சட்டத்தை. மேலே இருக்கும் சட்டத்தை மாற்றாமல், கீழே ஒரு நகரம் மட்டும் ஓட்டுப் போட்டுவிட்டு "இங்கே இனி பயமில்லை" என்று மக்களை நம்பவைக்கும் வேலை இருக்கே, அது சுதந்திரம் இல்லைங்க. பொறி.

3/
விஷயம் புரிய அமெரிக்கச் சட்டத்தின் மூன்று மாடிகளைத் தெரிந்துகொள்ளணும்.

மேல் மாடி: ஃபெடரல், அதாவது நாடு முழுமைக்குமான சட்டம்.
நடு மாடி: மாநிலச் சட்டம்.
கீழ் மாடி: நகரத்தின் விதிகள்.

கஞ்சா விஷயத்தில் மூணு மாடியும் மூணு விதமாகப் பேசும். நீங்க கீழ் மாடியில் நின்று "லீகல்" என்ற பலகையைப் படிச்சுக்கிட்டு இருப்பீங்க. மேல் மாடியில் உங்க பெயரில் ஒரு ஃபைல் திறந்திருக்கும்.

4/
மேல் மாடி என்ன சொல்கிறது?

1970-ல் நிக்சன் கையெழுத்திட்ட கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருட்கள் சட்டம் கஞ்சாவை முதல் அட்டவணையில் வைத்தது. "துஷ்பிரயோக வாய்ப்பு அதிகம், ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவப் பயன் எதுவும் இல்லை" என்பதுதான் அந்த அட்டவணையின் பொருள். ஹெராயின், எல்.எஸ்.டி. எல்லாம் அதே வரிசை. கோகெய்னும் ஃபென்டனிலும் இரண்டாம் அட்டவணையில்! ஒரு டாக்டராக இதைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது.

1972-ல் நிக்சன் நியமித்த ஷாஃபர் குழுவே, "சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்" என்று பரிந்துரைத்தது. அவர் ஏற்கவில்லை.

5/
அப்போ கொலராடோ, கலிஃபோர்னியா எல்லாம் எப்படிக் கடை போட்டு விற்கிறார்கள்?

ஃபெடரல் சட்டத்தை மாநிலப் போலீஸ்தான் அமல்படுத்தணும்னு வாஷிங்டன் கட்டாயப்படுத்த முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பு சொல்லியிருக்கு. அதனால் ஒரு மாநிலம் தன் சொந்தச் சட்டத்திலிருந்து கஞ்சாவை எடுத்துவிடலாம். 2025 நிலவரப்படி 24 மாநிலங்கள் பெரியவர்களின் பொழுதுபோக்கு உபயோகத்துக்கே அனுமதி தந்திருக்கின்றன.

ஆனா கவனிங்க. மாநிலம் தன் கையை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஃபெடரல் அரசின் கை அங்கேயேதான் இருக்கு.

6/
நான் சும்மா சொல்லவில்லை. 2005-ல் வந்த கொன்சாலஸ் எதிர் ரெய்ச் வழக்கு.

கலிஃபோர்னியாவில் 1996-லேயே மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி. அதன்படி தன் வீட்டில் 6 செடி வளர்த்த ஒரு நோயாளியின் செடிகளை 2002-ல் ஃபெடரல் அதிகாரிகள் வந்து அழித்தார்கள். உள்ளூர் அதிகாரிகளோ மாநிலச் சட்டப்படி இதில் தவறே இல்லை என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 6-க்கு 3 என்று தீர்ப்பு: மாநிலம் அனுமதித்தாலும், விற்பனை இல்லாமல் சொந்த உபயோகத்துக்கே வளர்த்தாலும், ஃபெடரல் அரசு தடுக்கலாம்.

அந்தத் தீர்ப்பு இன்று வரை ரத்து ஆகவில்லை.

7/
"அப்புறம் ஏன் யாரையும் பிடிக்கிறதில்லை?"

பிடிக்க வேண்டாம் என்று முடிவு பண்ணியிருப்பதால். 2013-ல் ஒபாமா காலத்து நீதித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது: மாநிலம் ஒழுங்காகக் கட்டுப்படுத்தினால் நாங்கள் தலையிட மாட்டோம் என்று. 2018 ஜனவரி 4 அன்று, டிரம்ப் அரசின் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதை ஒரே பக்கக் கடிதத்தில் ரத்து செய்தார்.

மருத்துவக் கஞ்சாவுக்கு மட்டும் 2014 முதல் பட்ஜெட்டில் ஒரு பாதுகாப்புப் பிரிவு சேர்த்து, திரும்பத் திரும்பப் புதுப்பித்து வருகிறார்கள்.

அதாவது கோடிக்கணக்கான பேரின் "சுதந்திரம்" ஒரு சுற்றறிக்கையிலும் ஒரு பட்ஜெட் வரியிலும் தொங்கிக்கிட்டு இருக்கு.

8/
இப்போ கீழ் மாடி. இங்கேதான் பெரிய ஏமாற்று.

ஃபெடரல் அரசுக்கு எதிராக மாநிலத்துக்கு ஒரு அரசியலமைப்புக் கவசம் இருக்கு. மாநிலத்துக்கு எதிராக நகரத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. நகரத்துக்கு அதிகாரம் தந்ததே மாநிலம்தான். கொடுத்த கை எடுத்துக்கொள்ளும்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு நகராட்சி தீர்மானம் போட்டு என்.டி.பி.எஸ். சட்டம் எங்க ஊரில் செல்லாதுன்னு அறிவிச்சா என்ன ஆகும்? தீர்மானம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். போலீஸ் தன் வேலையைப் பார்க்கும்.

9/
மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரம் 1972-லேயே இதை முயன்றது. கஞ்சா வைத்திருந்தால் 5 டாலர் அபராதம், அவ்வளவுதான். 1973-ல் புதிதாக வந்த நகர சபை அதை ரத்து செய்தது. 1974-ல் மக்களே வாக்களித்து நகர சாசனத்தில் எழுதிவைத்தார்கள்.

நல்ல கதைதானே? ஒரு சிக்கல். ஊருக்கு நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகம். அந்த வளாகத்தில் செல்லுபடியானது கடுமையான மாநிலச் சட்டம். தெருவின் இந்தப் பக்கம் 5 டாலர் அபராதம். அந்தப் பக்கம் கால் வைத்தால் கிரிமினல் வழக்கு. அதிகமாகத் தெருவைக் கடக்கிறவர் யார்? மாணவர்தான்.

10/
அடுத்து டென்வர். 2005-ல் 21 வயதைக் கடந்தவர்கள் ஒரு அவுன்ஸ் (சுமார் 28 கிராம்) வரை வைத்திருக்கலாம் என்று நகர மக்கள் வாக்களித்தார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது.

மறுநாள் என்ன மாறியது? டென்வர் போலீஸ் மாநிலச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடுவதைத் தொடர்ந்தது. 2007-ல் "இதைக் கடைசி முன்னுரிமையாக வையுங்கள்" என்று இன்னொரு வாக்கெடுப்பு நடத்த வேண்டி வந்தது. உண்மையில் சட்டம் மாறியது 2012-ல், கொலராடோ மாநிலமே அரசியலமைப்பைத் திருத்தியபோது.

இடைப்பட்ட 7 வருஷம் "நான் ஓட்டுப் போட்டேனே" என்று போலீஸிடம் சொன்னவர்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்னு நீங்களே யோசிங்க.

11/
"அது பழைய கதை டாக்டர்." சரி, புதுக் கதைக்கு வருவோம். நம்ம ஆட்கள் ஏராளமாக இருக்கும் டெக்சாஸ்.

டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி 2 அவுன்ஸ் வரை வைத்திருந்தால் 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். 2 முதல் 4 அவுன்ஸ் என்றால் ஒரு வருஷம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம்.

2022 மே மாதம் ஆஸ்டின் நகரில் வாக்கெடுப்பு. இந்த அளவுகளுக்குப் பெரும்பாலும் கைதோ வழக்கோ வேண்டாம் என்று நகரப் போலீஸுக்கு உத்தரவு. சுமார் 85 சதவீதம் பேர் ஆதரவு. அதே வருஷம் நவம்பரில் சான் மார்கோஸ், டென்டன், கில்லீன், எல்ஜின், ஹார்க்கர் ஹைட்ஸ் நகரங்களும் சேர்ந்தன.

12/
அதற்குப் பிறகு நடந்ததைத் தேதியோடு பாருங்க.

2024 ஜனவரி: மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் ஆஸ்டின் உட்பட 5 நகரங்கள்மேல் வழக்குப் போட்டார். போதைப்பொருள் சட்டங்களை முழுமையாக அமல்படுத்த மாட்டோம் என்று எந்த நகரமும் கொள்கை வகுக்கக் கூடாதுன்னு மாநில உள்ளாட்சிச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கு.
2024 ஜூன்: கீழ் நீதிமன்றம் ஆஸ்டின் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதம் சான் மார்கோஸ் வழக்கும் தள்ளுபடி.
2025 ஏப்ரல்: 15-ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் புரட்டிப் போட்டது. மாநிலத்துக்கு வெற்றி.

மூணு வருஷத்தில் சரி, தப்பு, சரி, தப்பு. வழக்கறிஞருக்கே குழப்பம். 19 வயசுப் பையனுக்கு என்ன புரியும்?

13/
இதுக்கு நடுவில் 2024 நவம்பரில் டாலஸ் நகரமும் வாக்களித்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. அதே மாதம் அட்டர்னி ஜெனரல் வழக்கு.

டாலஸ்னு நாம பொதுவாச் சொல்வோம். ஆனா நம்ம தமிழ்க் குடும்பங்கள் எங்கே இருக்கு? இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ. இவை எல்லாம் தனித்தனி நகரங்கள். டாலஸ் நகர விதி அங்கே ஒரு அடிகூடச் செல்லாது. கார் ஓட்டிக்கிட்டே எந்த இடத்தில் எல்லையைத் தாண்டினோம்னு யாருக்குத் தெரியும்? டாலஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்துக்கோ சொந்தப் போலீஸே இருக்கு.

ஆஸ்டினிலும் இதே கதைதான். நகர விதி கட்டுப்படுத்துவது நகரப் போலீஸை மட்டும். கவுன்டி ஷெரிஃப், மாநில ரோந்துப் போலீஸ், பல்கலைக்கழகப் போலீஸ் யாரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. உங்க பிள்ளையை நிறுத்தும் போலீஸ் எந்தச் சட்டை போட்டிருக்கிறார் என்பதில் அவன் எதிர்காலம்!

14/
இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கு. பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியாது.

இந்த நகர விதிகள் எல்லாம் இலை, பூ வடிவக் கஞ்சாவுக்கு மட்டும். இன்றைய பிள்ளைகள் எடுப்பது என்ன? வேப் பேனா, கம்மி மிட்டாய், சாக்லேட். டி.எச்.சி. சாற்றில் செய்த இவை டெக்சாஸ் சட்டத்தில் வேறு வகை. ஒரு கிராமுக்குக் கீழே இருந்தாலும் பெருங்குற்றம். 180 நாள் முதல் 2 வருஷம் வரை சிறை.

எடை எப்படிப் போடுவார்கள்? அதில் கலந்திருக்கும் சர்க்கரை, மாவு எல்லாம் சேர்த்து. ஒரு பிரவுனி கேக்கில் கஞ்சாச் சாறு துளிதான் இருந்தாலும், கேக் மொத்தமும் தராசில் ஏறும்.

"ஆஸ்டின்ல லீகல்" என்று சொல்லி நண்பன் கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்தால், கொடுப்பது மிட்டாய் இல்லைங்க, பெருங்குற்ற வழக்கு.

15/
இப்போ முக்கியமான கேள்வி. இந்த அரைகுறைச் சட்டத்தின் விலையைக் கொடுப்பது யார்?

வசதியான, குடியுரிமை உள்ள, நல்ல வக்கீல் வைத்துக்கொள்ள முடிந்த ஆளுக்கு இது பெரிய விஷயமில்லை. அவருக்கு நகர விதி ஒரு வசதி.

மாணவர் விசா, எச்-1பி, க்ரீன் கார்டு வைத்திருப்பவருக்கு? குடியேற்றச் சட்டம் முழுக்க முழுக்க மேல் மாடிச் சட்டம். அங்கே ஆஸ்டினும் கிடையாது, கொலராடோவும் கிடையாது.

போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம். ஒரே ஒரு விலக்கு: சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரை கஞ்சா, அதுவும் ஒரு முறை மட்டும். ஆஸ்டின் நகர விதி கண்டுகொள்ளாமல் விட்டது 4 அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 113 கிராம். வித்தியாசத்தைப் பாருங்க. நகரம் "பரவாயில்லை" என்று சொல்லும் அளவில் கால் பங்கு கொஞ்சம் தாண்டினாலே நாடு கடத்தும் பட்டியல்.

16/
இன்னும் இருக்கு. தண்டனையே தேவையில்லை. விசா அதிகாரியிடமோ எல்லையிலோ "ஆமா, கொலராடோ போனப்ப வாங்கினேன், அங்க லீகல்தானே" என்று முறைப்படி ஒப்புக்கொண்டாலே உள்ளே விட மறுக்கலாம்.

குடியுரிமை விண்ணப்பத்துக்கும் சிக்கல். 2019 ஏப்ரலில் அமெரிக்கக் குடியுரிமைத் துறை எழுத்திலேயே சொல்லிவிட்டது: மாநிலச் சட்டப்படி அனுமதி இருந்தாலும், கஞ்சா வைத்திருந்தது, ஏன், கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்த்தது கூட "நன்னடத்தை"க்குத் தடையாகலாம்.

வேலை பார்த்தது கூட! நிறுவனம் மாநில உரிமம் வைத்திருக்கும், மாநிலத்துக்கு வரி கட்டும். அங்கே கவுண்டரில் நின்று சம்பளம் வாங்கியவர் மட்டும் நன்னடத்தை இல்லாதவர்.

17/
குடிமக்களுக்கும் முழு நிம்மதி இல்லை.

கொலராடோவில் கை கால் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்த ஒரு ஊழியர், மாநில உரிமத்தோடு, வேலை நேரத்துக்கு வெளியே, வலிக்காக மருத்துவக் கஞ்சா எடுத்தார். பரிசோதனையில் தெரிந்ததும் 2010-ல் வேலை போனது. கோட்ஸ் எதிர் டிஷ் நெட்வொர்க் வழக்கில் 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: "சட்டப்பூர்வம்" என்றால் மாநிலச் சட்டம், ஃபெடரல் சட்டம் இரண்டின்படியும் சட்டப்பூர்வமாக இருக்கணும். வேலை போனது போனதுதான்.

ஏழைகளுக்கான அரசு வாடகை வீட்டுத் திட்டமும் ஃபெடரல் பணம். கஞ்சா எடுப்பவருக்குப் புதிதாக வீடு ஒதுக்கக் கூடாது. மருத்துவக் கஞ்சாவுக்கும் இதே விதி. சொந்த வீடு உள்ளவர் தோட்டத்தில் உட்கார்ந்து புகைக்கலாம். ஏழைப் புற்றுநோயாளிக்கு வீடு கிடையாது. இதுவா சமூக நீதி?

18/
இப்போ டாக்டராக என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன்.

"மருத்துவக் கஞ்சா" என்கிறார்களே, அமெரிக்காவில் எந்த டாக்டரும் அதை மருந்துச் சீட்டில் எழுத முடியாது, தெரியுமா? முதல் அட்டவணைப் பொருளுக்குச் சீட்டு எழுதினால் உரிமமே போகும். "பரிந்துரை" மட்டும் செய்யலாம். அந்த உரிமைக்கே டாக்டர்கள் ஃபெடரல் அரசோடு வழக்காடி 2002-ல் வென்றார்கள்.

அப்போ எவ்வளவு எடுக்கணும், எத்தனை முறை, எந்த மாத்திரையோடு சேரக் கூடாது என்பதை யார் சொல்வது? பல இடங்களில் கடைக் கவுண்டரில் நிற்கும் பையன். பாராசிட்டமாலுக்கே எடைக்குத் தகுந்த அளவு பார்க்கிறோம். இங்கே கடைக்காரர்தான் மருத்துவர்.

19/
ஆராய்ச்சியாவது ஒழுங்காக நடந்ததா? 1968 முதல் 2021 வரை ஆராய்ச்சிக்கான கஞ்சாவை அமெரிக்காவில் சட்டப்படி வளர்த்தது ஒரே இடம், மிசிசிப்பி பல்கலைக்கழகம். கடைகளில் விற்கும் சரக்கைக் கொண்டு வந்து விஞ்ஞானி சோதிக்க ஃபெடரல் சட்டம் விடவில்லை.

வாங்கிப் புகைக்கலாம், வாங்கி ஆராயக் கூடாது!

ஆராய்ச்சி ஒழுங்காக நடந்த இடத்தில் பலனும் வந்தது. டிராவே, லென்னாக்ஸ் காஸ்டோ என்ற கொடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாச் செடியில் இருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியால் மருந்துக்கு 2018-ல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. மருந்து என்றால் இப்படி வரணும். அளவு தெரிந்து, பக்கவிளைவு தெரிந்து.

20/
கெடுதல் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிடறேன்.

இன்றைய கஞ்சா உங்க அப்பா காலத்துக் கஞ்சா இல்லை. அமெரிக்காவில் பறிமுதலான சரக்கில் டி.எச்.சி. அளவு 1995-ல் சுமார் 4 சதவீதம், 2014-ல் சுமார் 12 சதவீதம்.

அதிக வீரியக் கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிடக் கிட்டத்தட்ட 5 மடங்கு என்று 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு காட்டியது. எடுப்பவர்களில் 10-ல் 3 பேர் அளவுக்குக் கட்டுப்படுத்த முடியாத நிலைக்குப் போகிறார்கள் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

6 வயதுக்குக் கீழான குழந்தைகள் தெரியாமல் கஞ்சா மிட்டாய் தின்றதாக அமெரிக்க நச்சு மையங்களுக்கு வந்த தகவல்கள்: 2017-ல் 207. 2021-ல் 3,054. மூச்சுத் திணறி ஐ.சி.யூ. வரைக்கும் போன குழந்தைகள் இதில் உண்டு.

21/
இவ்வளவு இருக்கும்போது ஒரு டாக்டருக்குத் தேவை என்ன? நோயாளி உண்மையைச் சொல்வது.

தினமும் கஞ்சா எடுப்பவருக்கு மயக்க மருந்தின் அளவு மாறும். அதனால்தான் அமெரிக்க மயக்கவியல் வல்லுநர்கள் 2023-ல், அறுவை சிகிச்சைக்கு முன் எல்லா நோயாளிகளிடமும் கஞ்சா பற்றிக் கேளுங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். வார்ஃபரின் எடுக்கும் இதய நோயாளிக்கு ரத்தம் உறையும் கணக்கு மாறி, ரத்தக்கசிவு வரலாம். நிற்காமல் வாந்தி, சுடுதண்ணியில் குளித்தால் மட்டும் சுகம் என்று வருபவருக்கு, காரணம் தெரியாமல் எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் என்று அலைய விடுவோம். அது நாள்பட்ட கஞ்சாவால் வரும் வாந்தி நோய். நிறுத்தினால் நின்றுவிடும்.

ஆனா விசாவில் இருக்கும் ஒரு பையன் வாயைத் திறப்பானா? ஒரு இடத்தில் உண்மையைச் சொன்னால் விசா போகும். இன்னொரு இடத்தில் சொல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த இடம் எதுன்னு அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க? இந்த அரைகுறைச் சட்டத்தின் மருத்துவ விலை இதுதான். "லீகல்" என்று பலகை வைத்தவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

22/
எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"கறுப்பின இளைஞர்களைத்தானே அதிகம் பிடிக்கிறார்கள்? நகர விதி அதைத் தடுக்கத்தானே?"

நியாயமான வாதம். உபயோகத்தில் பெரிய வித்தியாசம் இல்லாதபோதும், கஞ்சா வழக்கில் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடச் சுமார் 3.6 மடங்கு என்று ஏ.சி.எல்.யூ. அமைப்பின் 2020 அறிக்கை சொல்கிறது. நகரப் போலீஸ் பிடிக்காவிட்டால் சில கைதுகள் குறையும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனா அதே இளைஞன் நகர எல்லை தாண்டினால்? அரசு வீட்டுக்கு விண்ணப்பித்தால்? யாருக்காக இந்த விதி என்கிறீர்களோ, அவருக்குத்தான் மீதிப் பொறிகள் எல்லாம் காத்திருக்கு. பாதி வழிக்குக் கூட்டிட்டுப் போய் விட்டுவிடுவதற்குப் பெயர் பாதுகாப்பா?

23/
"இப்படி நகரங்கள் ஆரம்பித்ததால்தானே டாக்டர் மாநிலங்களே மாறின? டென்வர் 2005, கொலராடோ 2012."

இதுவும் உண்மை. அரசியல் அழுத்தமாக நகர வாக்கெடுப்பு வேலை செய்யும். அதை நான் மறுக்கவில்லை.

என் கேள்வி ஒன்றுதான். அது போராட்டம் என்றால், போராட்டம் என்று சொல்லுங்க. "நாங்க ஒரு கோரிக்கை வைக்கிறோம், இதில் ரிஸ்க் இருக்கு" என்று சொல்லி மக்களைக் கூப்பிடுங்க. "லீகல் ஆகிடுச்சு" என்று சொல்லி விவரம் தெரியாதவனை முன்வரிசையில் நிறுத்தாதீங்க. தலைவர் மேடையில் இருப்பார், அடி வாங்குவது பின்னால் வந்த பையன். இதை நம்ம ஊர் அரசியலில் பார்த்துப் பழகியவர்கள்தானே நாம?

24/
எதிர்ப் பக்கத்து ஆட்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம்.

வழக்குப் போட்டு நகரத்தை ஜெயிச்ச மாநிலம், அடிமைத்தனத்தில் இருக்கும் ஒருவனுக்குக் கொடுப்பது என்ன? 180 நாள் சிறையா? மக்கள் 85 சதவீதம் பேர் ஒரு விஷயத்தைக் கேட்கும்போது, நீதிமன்றத்தில் அதை உடைக்கத் தெரிந்தவர்களுக்குச் சட்டசபையில் உட்கார்ந்து அதைப் பேசத் தெரியவில்லை.

எல்லாருக்கும் மேலே, வாஷிங்டன். மாநிலங்களில் பாதி மாறிய பிறகும் 1970-ஆம் வருஷத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டு, அமல்படுத்தவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கும் காங்கிரஸ். மூன்றாம் அட்டவணைக்கு மாற்றலாம் என்று 2023-ல் சுகாதாரத் துறை பரிந்துரைத்தது, 2024 மே மாதம் நீதித்துறை முறைப்படி முன்மொழிந்தது. அட்டவணை மாற்றம் ஆராய்ச்சிக்கு உதவும், நல்லது. ஆனா மூன்றாம் அட்டவணை என்றாலும் கடைகளின் பொழுதுபோக்கு விற்பனை ஃபெடரல் சட்டப்படி குற்றம்தான். பொறி அப்படியேதான் இருக்கும்.

25/
அப்போ என்னதான் செய்யணும்?

சட்டத்தை மாற்றுவதானால் மேலிருந்து மாற்றுங்க. ஃபெடரல் சட்டத்தைத் திருத்தி, வைத்திருப்பதைக் குற்றமில்லை ஆக்கி, அதே சட்டத்திலேயே குடியேற்றம், வீடு, வேலை மூன்றிலும் இருக்கும் தண்டனைகளை எடுங்க. கூடவே வயது வரம்பு, வீரியத்துக்கு உச்சவரம்பு, குழந்தைகள் திறக்க முடியாத பாக்கெட், மிட்டாய் மாதிரி கவர்ச்சிப் பாக்கெட்டுக்குத் தடை, சிகிச்சைக்குப் பணம். இதெல்லாம் சேர்ந்து வரணும்.

அது வரைக்கும் நகரங்கள் உண்மையைச் சொல்லணும். "எங்கள் போலீஸ் உங்களைக் கைது செய்வதில்லை. மாநிலப் போலீஸ் செய்யலாம். குடிமக்கள் அல்லாதவர்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்படலாம்." இந்த மூணு வரியை எழுத எந்த வாக்கெடுப்பும் தேவையில்லை.

26/
நம்ம பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

✅ குடியுரிமை வாங்கும் வரை உங்களுக்கு எந்த மாநிலத்திலும், எந்த நகரத்திலும் கஞ்சா லீகல் இல்லை. புள்ளி.
✅ வேப், கம்மி, பிரவுனி எதுவாக இருந்தாலும் "நண்பனோடது" என்று கையில் வாங்காதீங்க, காரில் வைக்காதீங்க.
✅ கஞ்சா கடையில் பகுதி நேர வேலை, அந்த நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர், கணக்கு வேலை எதுவானாலும் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்க.
✅ போனில், சோஷியல் மீடியாவில் கஞ்சா போட்டோ வேண்டாம். எல்லையில் போனைப் பார்க்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கு.
✅ ஏற்கனவே வழக்கு இருந்தால், வெளிநாட்டுப் பயணத்துக்கும் எந்த விண்ணப்பத்துக்கும் முன்னாடி வழக்கறிஞர்.
✅ உங்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டரிடம் மறைக்காதீங்க. அங்கே ரகசியக் காப்பு உண்டு. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை வேறு, அதன் முடிவு அரசுக்குப் போகும். இரண்டையும் குழப்பிக்காதீங்க. அதுக்காக அங்கே பொய்யும் சொல்லாதீங்க, அது தனிக் குற்றம். போவதற்கு முன்னாடி வழக்கறிஞரைப் பாருங்க.

27/
பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை உங்களிடம் வந்து "எடுத்தேன்" என்று சொன்னால் கத்தாதீங்க. சொல்லிட்டானே, அதுவே பெரிய விஷயம். அவனை மனநல மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. விட முடியாமல் தவிக்கிறான் என்றால் அது திமிர் இல்லை, நோய். சிகிச்சை இருக்கு.

"அமெரிக்காவுல லீகல்" என்று யாராவது ஃபார்வர்ட் அனுப்பினால், "எந்த மாடியில் லீகல்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் தெரியாதவர் சொல்வதை நம்பி யாரும் தன் படிப்பையும் விசாவையும் பணயம் வைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் ஒரு குடும்பத்துக்காவது இதைப் பகிருங்க.